முழு ஸ்வெட்டருக்கு நூல்: எது கட்டுப்படியாகும்?

தொப்பிக்கோ மஃப்ளருக்கோ நூல் வாங்கப் பெரிய யோசனை தேவையில்லை. பிடித்த நிறத்தில் ஒன்றிரண்டு கண்டு எடுத்துக்கொண்டால் போதும். ஸ்வெட்டர் என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. பெரியவர் ஒருவருக்கு 50 கிராம் கண்டு 10, 12 வேண்டியிருக்கும். தனியாகப் பார்த்தபோது பரவாயில்லை என்று தோன்றிய விலையை 11-ஆல் பெருக்கிப் பார்த்ததும், கையில் எடுத்த கண்டைத் திருப்பி வைக்கத் தோன்றும். கையால் பின்னினால் செலவு குறையும் என்று நம்பி இறங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நல்ல புது நூலில் பின்னினால் பல சமயம் நூலின் விலையே ஆயத்த ஸ்வெட்டரின் விலையைத் தாண்டிவிடும்.

அதற்காக ஆசையை விட வேண்டியதில்லை. மலிவாக முடிக்க வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு வழியிலும் காசுக்குப் பதிலாக வேறு எதையாவது கொடுக்க வேண்டியிருக்கும்: நேரம், பொறுமை, விரும்பிய நிறம், அணியும்போது கிடைக்கும் சுகம், இப்படி ஏதோ ஒன்று. எதை விட்டுக்கொடுக்க உங்களுக்குச் சம்மதம் என்பதை வைத்துத்தான் தேர்வு அமையும்.

எவ்வளவு நூல் வேண்டும்?

எந்த நூல் என்று பார்ப்பதற்கு முன்னால் எவ்வளவு நூல் என்று தெரிய வேண்டும். இதைக் கண்டுக் கணக்கில் வைத்துக்கொண்டால் குழப்பம்தான். மீட்டர் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்டு 40 கிராம் இருக்கும், 50 இருக்கும், 100 இருக்கும். 50 கிராம் கண்டு இரண்டை எடுத்தால் ஒன்றில் 115 மீட்டரும் இன்னொன்றில் 150 மீட்டரும் இருக்கலாம். லேபிளில் எடைக்குப் பக்கத்திலேயே நீளத்தையும் போட்டிருப்பார்கள். விலையை அந்த நீளத்தால் வகுத்தால் ஒரு மீட்டர் என்ன விலை என்று வரும். நூல்களை ஒப்பிட நம்பகமான எண் அது ஒன்றுதான்.

மார்புச் சுற்று 104 செ.மீ., முழுக்கை, எந்த வேலைப்பாடும் இல்லாத சாதாரண ஸ்வெட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாக்ஸ் பின்னப் பயன்படும் மெல்லிய நூலில் (100 கிராமுக்கு 400 மீட்டர்) இதற்கு 1400 முதல் 1500 மீட்டர் பிடிக்கும். நடுத்தரத் தடிமனான டிகே நூலில் சுமார் 1200 மீட்டர். அடுத்த தடிமனான வொர்ஸ்டடில் 1050க்கு அக்கம்பக்கம். பல்கி என்கிற மொத்தமான நூலில் 800, 850 மீட்டரிலேயே முடிந்துவிடும்.

தடிமன் கூடக்கூட நீளம் குறைகிறது, சரி. எடையைப் பாருங்கள். மெல்லிய நூலில் பின்னிய ஸ்வெட்டர் 350, 375 கிராம்; பல்கியில் பின்னியது 700 கிராமைத் தாண்டும். நூலுக்கு விலை வைப்பது எடையை வைத்து. ஆகவே ஒரே நார், ஒரே தரம் என்றால் மொத்தமான ஸ்வெட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாகும். சீக்கிரம் முடியும் என்று பல்கி பக்கம் போகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மறுபக்கம் உழைப்பு. 10 செ.மீ. சதுரத்தில் மெல்லிய நூலுக்கு 28 கண்ணி, 38 வரிசை. பெருக்கினால் 1064 கண்ணி. டிகேயில் 22 கண்ணி, 30 வரிசை, 660. பல்கியில் 14-ம் 20-ம், வெறும் 280. முழு ஸ்வெட்டருக்குப் போட்டுப் பார்த்தால் மெல்லிய நூலில் சுமார் 95,000 கண்ணி, டிகேயில் 59,000, பல்கியில் 25,000. காசை மிச்சம் பிடிக்க 95,000 கண்ணி பின்ன எனக்குப் பொறுமை கிடையாது. டிகேதான் நடுவில் நிற்கிறது. செலவும் அடங்கும், எப்போது முடியும் என்று ஏங்கவும் வேண்டாம். தவிர, ஸ்வெட்டர் பேட்டர்ன்கள் ஏராளமாகக் கிடைக்கும் தடிமன்களில் அதுவும் ஒன்று.

பேட்டர்னில் நூலளவு போட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அல்லது வேறு நூலில் பின்னப் போகிறீர்கள் என்றால், தராசை வைத்தே கணக்கிட்டுவிடலாம். 15 செ.மீ. சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காய்ந்ததும் எடை போடுங்கள். 12 கிராம் வருகிறது என்று வைப்போம். துண்டின் பரப்பு 225 சதுர செ.மீ. ஸ்வெட்டரின் உடல் பகுதி 104க்கு 60, அதாவது 6240. ஒரு கை சராசரியாக 30 செ.மீ. சுற்றளவு, 45 நீளம்; 1350; இரண்டு கைக்கும் 2700. மொத்தம் 8940 சதுர செ.மீ. இதை 12-ஆல் பெருக்கி 225-ஆல் வகுத்தால் 477 கிராம். ரிப் (ஓரங்களில் வரும் இழுபடும் பட்டி), கழுத்துப்பட்டி, வெட்டி எறியும் நுனிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 சதவீதம் கூட்டினால் 525. 50 கிராம் கண்டு என்றால் 11. சமையலறைத் தராசு அரை கிராம் பிசகினாலே மொத்தக் கணக்கில் 20 கிராம் மாறிவிடும் என்பதால், துண்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

முறுக்குப் பின்னல் போடப் போகிறீர்கள் என்றால் இன்னும் 20 முதல் 30 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பின்னும் பூ வேலைக்கும் கூடுதலாகத்தான் பிடிக்கும். பயன்படாத நிறம் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும் முதல் ஸ்வெட்டருக்கு இரண்டும் வேண்டாம்.

மாதிரித் துண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 104 செ.மீ. சுற்றுக்கு 22 கணக்கில் 229 கண்ணி போட வேண்டும். உங்கள் கை கொஞ்சம் தளர்வாக ஓடி 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 229 கண்ணி 114 செ.மீ.க்கு விரிந்துவிடும். ஸ்வெட்டரும் தொளதொளக்கும், நூலும் பாதியில் தீரும். துண்டு பின்னச் சோம்பல்பட்டு நேராக ஸ்வெட்டரில் கைவைக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிற விஷயம்தான்.

புது நூல்: அக்ரிலிக், கம்பளி, பருத்தி

அக்ரிலிக்கை மட்டமாகப் பேசுவது பின்னல்காரர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். கம்பளியையும் பருத்தியையும்விட எடை குறைந்தது அது. ஒரு கன செ.மீ. அக்ரிலிக் 1.17 கிராம், கம்பளி 1.31, பருத்தி 1.54. இதன் பலன் நேராகக் கண்டில் தெரியும்: அதே டிகே தடிமனில் அக்ரிலிக் 100 கிராமுக்கு 280, 300 மீட்டர் ஓடும், கம்பளி 220 முதல் 250, பருத்தி 200க்குச் சற்று மேல். 1200 மீட்டர் வேண்டும் என்றால் அக்ரிலிக்கில் 410 கிராம் போதும், கம்பளியில் 510, பருத்தியில் 570. எடைக்கு எடை ஒரே விலை போட்டிருந்தால்கூடப் பருத்திச் ஸ்வெட்டருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் செலவாகும்.

அக்ரிலிக்கில் வேறு வசதிகளும் உண்டு. வேண்டிய அளவுக்கு, ஒரே சாய எண்ணில் (ஒன்றாகச் சாயம் ஏற்றிய தொகுதிக்கு லேபிளில் போடும் எண்), எப்போதும் கிடைக்கும். மெஷினில் போட்டுத் துவைக்கலாம். அந்துப்பூச்சி சீண்டாது. குழந்தைகளுக்குப் பின்னுவதாக இருந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ஒரு வருஷத்தில் சிறிதாகிப் போகிற உடுப்புக்கு விலை உயர்ந்த கம்பளி எதற்கு?

குறை என்று பார்த்தால், தேய்கிற இடத்தில் உருண்டை உருண்டையாகக் கட்டும். அக்குளும் பக்கவாட்டும் முதலில் போகும். வியர்வையை உறிஞ்சாது. சூடு ஆகவே ஆகாது: நீராவி இஸ்திரியை ஒரு முறை அழுத்தினால் போதும், ரிப்பின் இழுவிசை போய்த் துணி துவண்டுவிடும், பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடுப்பருகே நின்று வேலை செய்கிறவர்களுக்கு நான் இதைப் பின்னித் தர மாட்டேன். வாங்கும்போது நூலை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். கிறீச்சென்று ஒலித்து விரலில் பிடித்துக்கொண்டால் அதே உணர்வுதான் ஊசியிலும் இருக்கும். அப்படிப் பிடிக்காத, மிருதுவான அக்ரிலிக் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் கொடுக்கலாம்.

கம்பளிக்கு அதிக விலை கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: அதன் மீள்தன்மை. முழங்கையில் இழுபட்ட இடம் துவைத்துப் பரப்பிக் காயவைத்தால் பழையபடி அடங்கும். தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாறு வருஷம் கழித்துப் பிரித்து மறுபடி வேறு ஸ்வெட்டர் பின்னலாம். ஒரே நூலில் இரண்டு ஸ்வெட்டர் என்று கணக்குப் போட்டால் விலை அவ்வளவு உறுத்தாது.

கம்பளி என்றதும் மெரினோவைத் தேடிப் போகத் தேவையில்லை. மென்மை வேண்டும் என்கிறவர்கள்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். உடலில் குத்துவது 30 மைக்ரானுக்கு மேல் தடித்த நார்கள். அவை நூறில் ஐந்துக்கு மேல் இருந்தால் பலருக்கு அரிக்கும். உள்ளே சட்டை போட்டுக்கொண்டு மேலே அணிகிற ஸ்வெட்டருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. முரட்டுக் கம்பளி மெரினோவைவிட மலிவு, உருண்டையும் குறைவாகக் கட்டும், உழைக்கவும் செய்யும். ஒற்றைப்புரி மெரினோ கையில் எடுத்தால் விடவே மனம் வராது. ஸ்வெட்டராக்கினால் சீக்கிரமே உருண்டை கட்டத் தொடங்கும். மெஷினில் துவைக்கலாம் என்று போட்ட சூப்பர்வாஷ் கம்பளி நனைந்ததும் நீளும், அதனால் மாதிரித் துண்டைத் துவைக்காமல் அளக்கவே கூடாது. சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டி தட்டிப் போகும்.

பருத்தியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கனம், இழுத்தால் திரும்பாது, முழுக்கை ஸ்வெட்டர் தன் எடையிலேயே தொங்கி நீண்டுபோகும். கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாதிப் பருத்தி, பாதி அக்ரிலிக் கலந்த நூல் இருக்கிறது; எடையும் குறையும், கையும் வலிக்காது.

கலப்பு என்றதும் ஞாபகம் வருகிறது: 20, 25 சதவீதம் கம்பளி கலந்த அக்ரிலிக் நூலைப் பலர் இரண்டுங்கெட்டான் என்று ஒதுக்குவார்கள். முதல் ஸ்வெட்டர் பின்னுகிறவருக்கு நான் சொல்வது அதைத்தான். வெறும் அக்ரிலிக்கைவிடக் கண்ணிகள் சீராக உட்காரும், விலையும் பயமுறுத்தாது, தப்பாகிப் பத்து முறை பிரித்தாலும் நூல் தாங்கும்.

கோன் நூல்

மெஷின் பின்னலுக்கும் நெசவுக்கும் போகிற நூலைப் பெரிய கோனில் சுற்றி விற்பார்கள். கண்டாகச் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது போன்ற செலவெல்லாம் இதில் கிடையாது; ஆலையில் மீந்துபோன கோன் என்றால் விலை இன்னும் இறங்கும். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ஒரே சாயத்தில் கிடைப்பதால் நூல் போதுமா என்ற கவலையும் இல்லை. ஆனால் கோனில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான்.

கம்பளி, அக்ரிலிக் கோன்களில் 2/28 என்பது போலப் போட்டிருக்கும். சில ஆலைகள் 28/2 என்று திருப்பிப் போடும். இது மெட்ரிக் கவுண்ட். ஒரு புரி கிராமுக்கு 28 மீட்டர் ஓடும், அப்படி இரண்டு புரியை முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆக 28-ஐ 2-ஆல் வகுத்தால் கிராமுக்கு 14 மீட்டர். 100 கிராமுக்கு 1400. டிகே தடிமனுக்குக் கொண்டுவர இப்படி ஆறு இழை சேர்க்க வேண்டும் (1400-ஐ ஆறால் வகுத்தால் 233). 2/16 என்றால் 100 கிராமுக்கு 800 மீட்டர்; இரண்டு இழை சேர்த்தால் சாக்ஸ் நூல், மூன்று சேர்த்தால் மெல்லிய டிகே. 2/8 என்றால் இரண்டு இழையிலேயே வொர்ஸ்டட் வந்துவிடும். பருத்திக் கோனுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்கு இங்கிலீஷ் கவுண்ட். அந்த எண்ணை 1.69-ஆல் பெருக்கிய பிறகுதான் மேலே சொன்னபடி வகுக்க வேண்டும்.

ஆறு இழை சேர்த்துப் பின்னுவது சொல்லும்போது எளிது. ஊசி நுனி ஐந்து இழையை எடுத்து ஒன்றை விட்டுவிடும். நாலு வரிசை தாண்டிய பிறகுதான் முன்பக்கத்தில் ஒரு சின்ன வளையம் துருத்திக்கொண்டு நிற்பது கண்ணில் படும். இரண்டு, மூன்று இழை வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. கோன் ஒன்றுதான் இருக்கிறது என்றால், தராசை வைத்துச் சம எடையில் சிறு உருண்டைகளாகச் சுற்றிக்கொண்டு அவற்றைச் சேர்த்துப் பின்ன வேண்டும். ஒன்று மட்டும் முன்னாலேயே தீர்ந்துபோனால் எரிச்சலாக இருக்கும், அதனால்தான் தராசு.

இன்னொன்று, எண்ணெய். மெஷினில் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகப் பல கோன் நூல்களில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். தொட்டால் கயிறு மாதிரி விறைப்பாக, மங்கலாக இருக்கும். லேசாக வாடையும் வரும். சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் அலசினால் தண்ணீர் கலங்கி, நூல் பொங்கி, வேறு நூலோ என்று கேட்கிற அளவுக்கு மாறிவிடும். கடையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாத நூல் இது. 100 கிராம் மாதிரி தருவார்களா என்று கேட்டுப் பார்ப்பது தப்பே இல்லை.

பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பது

காசு என்று மட்டும் பார்த்தால் இதை எதுவும் மிஞ்சாது. பழந்துணிக் கடையில் கிடக்கும் ஆண்களுக்கான பெரிய அளவுக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றில் 400 கிராம் நூல் இருக்கும். சில சமயம் காஷ்மியர், மெரினோ எல்லாம் சாதாரண அக்ரிலிக் விலைக்கு மாட்டும். விலையாகக் கொடுப்பது உங்கள் நேரத்தை. அதுவும் எல்லா ஸ்வெட்டருக்கும் செல்லாது.

முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் சங்கிலி போன்ற முழுக் கண்ணிகளாக, அழகாகச் சேர்த்துத் தைத்திருந்தால் வாங்கலாம். அந்த ஓரத்தில் ஓவர்லாக் போட்டு வெட்டியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். துணியாகப் பின்னிக் கத்தரித்துத் தைத்தது அது. பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித் துண்டாக வரும். அடுத்தது, கண்ணிகள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்ப்பது. துவைத்துத் துவைத்துக் கெட்டி தட்டியிருந்தால் பிரியாது. மொஹேர் போல முடி நீண்ட நூலும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு உயிரை வாங்கும். கடைசியாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகள் தெரிந்துவிடும். ஓட்டை இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வந்ததும் பையில் கட்டி ஒன்றிரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுவது நல்லது. ஒரு முட்டை தப்பினாலும் அலமாரியில் இருக்கிற மற்றக் கம்பளிகளையும் ருசி பார்த்துவிடும்.

பிரிக்கும்போது முதலில் கழுத்துப்பட்டி, பிறகு கை, பிறகு பக்கத் தையல் என்று துண்டு துண்டாகக் கழற்றுங்கள். சங்கிலித் தையலில் சரியான பக்கத்து நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் அவிழும். அப்படி அவிழவில்லை என்றால் மறுமுனையில் இருந்து முயன்று பாருங்கள். கம்பளித் துண்டுகளைப் பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் பின்னியிருப்பார்கள். எனவே தோள் பக்கமிருந்து, அதாவது கடைசியாகப் பின்னி முடித்த இடத்திலிருந்து பிரித்தால்தான் நூல் சிக்கில்லாமல் வரும். வருகிற நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டிச் சிட்டமாக எடுங்கள். கையில் இருப்பது சுருட்டை முடி போல நெளிநெளியாக இருக்கும். அதை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து முறுக்காமல், ஒத்தி எடுத்துத் தொங்கவிட்டால் காயும்போது நேராகிவிடும். நெளிவோடு மாதிரித் துண்டு பின்னினால் அளவு தப்பாக வரும் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

கடை ஸ்வெட்டர்களில் நூல் மெல்லியதாகத்தான் இருக்கும், ஆகவே கோன் நூலைப் போல இங்கேயும் இரண்டு மூன்று இழை சேர்க்க வேண்டி வரலாம். ஓரங்களில் வீணாவது, நைந்த முழங்கைப் பகுதி எல்லாம் போக 400 கிராமில் 350 கைக்கு வந்தால் நல்ல அறுவடை. உங்கள் ஸ்வெட்டருக்கு 525 கிராம் வேண்டுமே என்றால் இன்னொரு பழைய ஸ்வெட்டர் தேட வேண்டும், அது வேறு நிறமாகத்தான் இருக்கும். அங்கே கோடு போட்ட ஸ்வெட்டராகத் திட்டம் மாறும். நூல் சொல்கிறபடி டிசைனை வளைக்க மனம் இல்லாதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

மிச்ச நூலும் பிறர் விற்கும் நூலும்

வீட்டில் கிடக்கும் மிச்சக் கண்டுகளைச் சேர்த்துப் பின்னுவதும் இதே குணம்தான். செலவு கிட்டத்தட்ட இல்லை, யோசனை மட்டும் நிறைய. தடிமன் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு எளிய வழி: இரண்டு நூலையும் ஒன்றுக்குள் ஒன்று வளைத்து மாட்டி, இரண்டு பக்கமும் முறுக்கி, விரலால் தடவிப் பாருங்கள். மாட்டிய இடத்தில் தடிமன் மாறுவது விரலுக்குத் தெரிந்தால் இரண்டும் ஒன்று இல்லை. சூப்பர்வாஷ் கம்பளியையும் சாதாரணக் கம்பளியையும் ஒரே ஸ்வெட்டரில் கலக்க வேண்டாம். ஒரு துவையலில் ஒன்று நீளும், இன்னொன்று சுருங்கும்.

கலர் கலராகக் கிடக்கும் மிச்சங்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போடாமல் இருக்க, எல்லாவற்றோடும் ஒரே ஒரு மெல்லிய நூலை, சாம்பலோ கருநீலமோ, கடைசிவரை சேர்த்துப் பின்னலாம். நிறங்கள் அடங்கி ஒரு ஒழுங்கு வந்துவிடும். மேலே சொன்ன கோன் நூல் ஒன்று வீட்டில் இருந்தால் இதற்கு அருமையாக உதவும்.

வாங்கிவிட்டுப் பின்னாமல் வைத்திருப்பவர்கள் மொத்தமாக விற்கும்போதும் நல்ல நூல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 'ஸ்வெட்டர் அளவு' என்று அவர்கள் சொல்வதை நம்பாமல் மொத்த மீட்டரைக் கேளுங்கள். எல்லாக் கண்டின் சாய எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை நாள், எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சாய எண் வேறுபட்டால் உலகம் முடிந்துவிடாது. புது நூலிலேயே கடைசிக் கண்டு குறைந்துபோய், திரும்பக் கடைக்குப் போனால் வேறு எண்தான் இருக்கும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு எண்கள் பகல் வெளிச்சத்தில் மார்பின் குறுக்கே ஒரு கோடு கிழித்ததுபோலப் பளிச்சென்று பிரிந்து நிற்கும். அதைத் தவிர்க்க, இரண்டு வரிசைக்கு ஒரு முறை பழைய கண்டும் புதுக் கண்டும் மாற்றி மாற்றிப் பின்னலாம். அல்லது முன்கூட்டியே தெரிந்தால், வேறு எண்ணை ரிப்புக்கும் கழுத்துப்பட்டிக்கும் ஒதுக்கிவிடலாம். பின்னல் வகை மாறும் இடத்தில் நிற வித்தியாசம் கண்ணுக்குத் தட்டாது.

யாருக்கு எது?

இதுவரை ஸ்வெட்டரே பின்னாதவர் என்றால் கம்பளி கலந்த அக்ரிலிக், டிகே தடிமன், கணக்குக்கு மேல் ஒரு கண்டு கூடுதல். திறக்காத கண்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எடுக்க மாட்டார்கள் என்றாலும் முழங்கை கிழியும்போது ஒட்டுப் போட அது உதவும். வருஷத்துக்கு இரண்டு மூன்று பின்னுகிறவர்கள் கோன் நூலுக்குப் போய்விடுவது நல்லது. எண்ணெய் வாடைக்கும் இழை சேர்ப்பதற்கும் ஒரு முறை பழகிவிட்டால் கண்டு நூலின் விலையைப் பார்க்கவே மனம் வராது. கையில் காசு இல்லை, நேரம் உண்டு, பிரிப்பதும் சுற்றுவதும் அலுப்புத் தராது என்கிறவர்களுக்குப் பழைய ஸ்வெட்டர். நல்ல கம்பளியை ஆசைப்பட்டு வாங்க நினைத்து, பணம் மட்டும் இடிக்கிறது என்றால் நூலின் தரத்தைக் குறைப்பதைவிட ஸ்வெட்டரைக் குறைக்கலாம். மேலே போட்ட கணக்கில் இரண்டு கையும் சேர்ந்து 30 சதவீதம். கையில்லாத ஸ்வெட்டராக்கினால் அது அப்படியே மிச்சம். உடல் நீளத்தில் 5 செ.மீ. குறைத்தாலும் ஏறக்குறைய 28 கிராம், அரைக் கண்டுக்கு மேல் மிஞ்சும்.

பழைய நூல், மிச்ச நூல், மறுபடி கிடைக்காத கோன் என்று எதில் பின்னினாலும் பேட்டர்னை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். நூல் எத்தனை மீட்டர் என்று தெரிந்த பிறகு, கழுத்திலிருந்து கீழே இறங்கும் பேட்டர்னாகப் பாருங்கள். தோள்பகுதி முடிந்ததும் உடலை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு முதலில் இரண்டு கைகளையும் முடியுங்கள். மீதி நூல் முழுவதும் உடலுக்கு. 6 செ.மீ. உயர ரிப்புக்கு 40 கிராமைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றது தீரும்வரை பின்னிக்கொண்டே போகலாம். எங்கே தீர்கிறதோ அங்கே ரிப் தொடங்கும். கண்ணிகளை மூடும் கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்வெட்டரின் சுற்றளவைப் போல நான்கு மடங்கு நூல் மிச்சம் இருக்க வேண்டும். 104 செ.மீ. சுற்றுக்கு நாலேகால் மீட்டர்.